யாக்கோபின் கதையை 27-ஆம் அதிகாரத்தோடு மூடிவிடாதீர்கள்

போன மாதம் எங்கள் ஞாயிறு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆதியாகமம் 27-ஆம் அதிகாரம்: அம்மா ரெபெக்காள் சொன்னபடி யாக்கோபு தன் அண்ணன் ஏசாவைப்போல வேஷம் போட்டு, கண் தெரியாத அப்பா ஈசாக்கிடம் அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்ட கதை. நான் வராந்தாவில் நின்று கேட்டேன். "யாக்கோபு புத்திசாலி, ஏசா சாப்பாட்டு ராமன்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். பாடம் எடுக்க ஆரம்பித்த புதிதில் நானும் அப்படியே சொன்னவன்தான், அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர் மாறிப்போவது, வசன எண் தவறுவது எல்லாம் நாளடைவில் தானே சரியாகிவிடும். அப்படித் தானாகச் சரியாகாத தவறுகள் இவை.

இருவரையும் சின்னப் பையன்களாகக் காட்டுவது

ஏசாவுக்கு 40 வயதில் கல்யாணம் ஆகிவிட்டது (26:34). ஏமாற்று நடந்தது அதற்கப்புறம்.

ஆசீர்வாதம் கிடைத்ததும் வேதாகமத்தை மூடுவது

இந்தத் தவறுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று நான் 29-ஆம் வசனத்தோடு ஜெபம் பண்ணி வகுப்பை முடித்தேன். அடுத்த வாரம் ஒரு அம்மா வந்தார். அவருடைய எட்டு வயது மகன், அண்ணனுக்கென்று வைத்திருந்த பணத்தைத் தாத்தாவிடம் பொய் சொல்லி வாங்கியிருக்கிறான். கேட்டதற்கு, "யாக்கோபு பண்ணினாரே" என்றானாம். அவனுக்குச் சொல்ல அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் அடுத்த வசனத்திலேயே தொடங்குகிறது. யாக்கோபு வெளியே போகிறான், ஏசா வேட்டை உணவோடு உள்ளே வருகிறான். கண் தெரியாத ஈசாக்கு சற்று முன்னால்தான் ஆட்டுத்தோல் போர்த்திய கையைத் தடவி, "சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்" என்று சந்தேகப்பட்டும் ஏமாந்திருந்தார். இப்போது விஷயம் புரிந்து அவர் நடுங்குகிறார். வளர்ந்த ஆண்பிள்ளை ஏசா அலறி அழுகிறான். இந்த அழுகையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டாமல் பாடத்தை முடிக்காதீர்கள்.

அப்புறம் ஆரானுக்குப் போங்கள்; ஏசாவுக்குப் பயந்து யாக்கோபு ஓடிப்போன, தாய்மாமன் லாபானின் ஊர் அது. லாபானின் இளைய மகள் ராகேலுக்காக ஏழு வருடம் உழைத்தவன் விடிந்து பார்த்தால் அவள் அக்கா லேயாள்! ஏன் ஏமாற்றினீர் என்று கேட்கிறான். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம் இல்லை என்கிறான் லாபான். மூத்தவனை முந்தியவனுக்கு இதைவிடச் சுடும் பதில் உண்டா? தம்பி தந்திரம் செய்தான் என்று ஈசாக்கு சொன்னதும், ஏன் ஏமாற்றினீர் என்று யாக்கோபு கேட்டதும் எபிரெயத்தில் ஒரே வேர்ச்சொல். அங்கே அவன் இருந்தது மொத்தம் 20 வருடம். "கொஞ்ச நாள் போய் இரு" என்று அனுப்பிய ரெபெக்காள் அவனை மறுபடி பார்த்ததாக ஒரு வசனமும் இல்லை.

அதோடு விட்டதா? ஆட்டுத்தோலால் அப்பாவை ஏமாற்றியவனிடம், பின்னாளில் அவன் பிள்ளைகளே, தாங்கள் விற்றுவிட்ட தம்பி யோசேப்பின் அங்கியை வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். 130 வயதில் எகிப்தின் ராஜா பார்வோன் முன்னால் நின்று, தன் நாட்கள் கொஞ்சம், அவையும் வேதனையானவை என்றான். தேவன் அவனைத் தெரிந்துகொண்டது உண்மை. அதற்காக அந்தப் பொய் சரியாகிவிடாது.

ஏசாவை வில்லனாக்குவது

33:4 வாசியுங்கள். யாக்கோபு ஊர் திரும்பியபோது ஓடி வந்து கட்டிக்கொண்டவன் அவன்.

தாமாரைத் தாண்டிப் போவது

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், சரி. வாலிபர் கூட்டத்திலும் ஏன் 38-ஆம் அதிகாரத்தை விட்டுவிடுகிறோம்? இரத்தம் தோய்ந்த அங்கியை நீட்டி "இது உம்முடைய மகன் அங்கியா, பாரும்" என்ற அண்ணன்மாரில் யூதாவும் ஒருவன். அவனுடைய மருமகள் தாமார் அவனாலேயே கர்ப்பமாகிறாள்; அது தெரியாமல் அவன் அவளைத் தண்டிக்கச் சொல்கிறான். அவன் அவளிடம் அடகாக விட்ட முத்திரையையும் கோலையும் அவனிடமே அனுப்பி, "இவை யாருடையவை, பாரும்" என்கிறாள் தாமார். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் அதே சொற்கள். அவள் என்னிலும் நீதியுள்ளவள் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். பிறகு எகிப்தில், கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி கேட்பவனும் இவன்தான்.

எகிப்தில் எல்லாம் சுபம் என்று முடிப்பது

அப்பா செத்ததும் அண்ணன்மார் பயந்துபோய், எகிப்தில் அதிகாரியாகிவிட்ட யோசேப்புக்குச் செய்தி அனுப்புகிறார்கள்: மன்னித்துவிடச் சொல்லி அப்பா கட்டளையிட்டாராம். யாக்கோபு அப்படிச் சொன்னதாக அதற்கு முன் எந்த அதிகாரத்திலும் இல்லை. யோசேப்பு அதைக் கேட்டு அழுதான்.