ஒரு மீட்டர் கம்பியில் சங்கிலிக் கவசம்: ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

இடைக்கால ஐரோப்பா பாடம் வந்தால் அட்டையை வெட்டி, வெள்ளித் தாள் ஒட்டி, கேடயமும் தலைக்கவசமும் செய்யச் சொல்வது வழக்கம். கண்காட்சி மேசைக்கு அது போதும். கவசம் எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்பது பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமானால், சிறு இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்த சங்கிலிக் கவசத்தில் ஒரு சிறு துண்டையாவது பின்ன வைக்க வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து தாராளமாகச் செய்யலாம்.

தேவையானவை

ஆளுக்கு ஒரு மீட்டர் அலுமினியக் கம்பி (1.5 மி.மீ. தடிமன்), சுற்றுவதற்கு 8 மி.மீ. தடிமனில் வழவழப்பான ஒரு கம்பி, ஆளுக்கு இரண்டு நோஸ் பிளேயர். கட்டிங் பிளேயர் ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும். வெட்டும்போது கம்பித் துணுக்கு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: வளையம்

கம்பியை இடைவெளி விடாமல் ஸ்பிரிங் போலச் சுற்றி உருவி எடுங்கள். நீளவாக்கில் ஒரே கோட்டில் வெட்டிக்கொண்டே போனால் வளையங்கள் உதிரும். ஒரு வளையத்துக்குச் சுமார் 3 செ.மீ. கம்பி பிடிக்கும். நமக்குத் தேவை 29. மிச்சம் கைவசம் இருக்கட்டும்.

வளையத்தைத் திறக்கும்போது இரண்டு முனைகளையும் பக்கவாட்டில் இழுக்கக் கூடாது, வட்டம் கெட்டுவிடும். ஒரு முனையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருகுங்கள். மூடும்போது அதையே திருப்பிச் செய்தால் போதும்.

படி 2: ஐந்தைந்தாகக் கொத்து

நான்கு வளையங்களை மூடிவிடுங்கள். திறந்த ஒன்றில் அந்த நான்கையும் கோத்து, அதையும் மூடுங்கள். மேசைமேல் மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் ஒன்று என்று பரப்புங்கள். இப்படி ஐந்து கொத்துகள் வேண்டும்.

படி 3: இணைப்பு

பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான், இங்கே அவசரம் வேண்டாம். இரண்டு கொத்துகளை அருகருகே வையுங்கள். மேல் வரிசை, கீழ் வரிசை வளையங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நடு வளையங்கள் எதிர்ப்பக்கம் சாயும். இப்போது ஒரு புது வளையத்தை எடுத்து, மேலே அடுத்தடுத்து இருக்கும் இரண்டிலும் கீழே இருக்கும் இரண்டிலும் நுழைத்து மூடுங்கள். சாய்வு மாறிப்போனால் அந்த இடம் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு வளையத்தைக் கழற்றி மறுபடி கோத்தால் சரியாகிவிடும். ஐந்து கொத்துக்கு இப்படி நான்கு இணைப்பு.

பக்கத்து மாணவரின் துண்டோடு சேர்க்க இன்னும் 9 வளையங்கள் போதும். அங்கேயும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்ற அதே கணக்குதான். வகுப்பு முழுவதும் சேர்த்தால் ஒரு விரிப்பே வந்துவிடும்.

படி 4: சோதனை

ஈரக் களிமண் உருண்டையின்மேல் விரிப்பைப் போட்டு, பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பால் அழுத்தி இழுக்கச் சொல்லுங்கள். வெட்டு விழாது. அடுத்து உருட்டுக்கட்டையால் ஓங்காமல் ஒரு தட்டு. வளையத்துக்கு ஒன்றும் ஆகாது, களிமண்ணோ பள்ளமாகிவிடும். வளையத் தடம்கூட அதில் பதிந்திருக்கும். இப்போது இடையில் துணியை எட்டாக மடித்து வைத்து மறுபடி தட்டுங்கள். வீரர்கள் உள்ளே பல அடுக்கு லினன் துணியாலோ பஞ்சு, கம்பளி திணித்தோ தைத்த தடித்த சட்டை போட்டுக்கொண்டது எதற்கு என்று நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

விரிப்பை இருபுறமும் பிடித்து வலுவாக இழுத்தால் சில வளையங்கள் வாயைப் பிளக்கும். இடைக்கால ஐரோப்பியக் கொல்லர்கள் வளையத்தின் முனைகளைத் தட்டையாக்கி, துளையிட்டு, ரிவெட் அடித்தது இதனால்தான். ஒரு முழுச் சட்டைக்கு 20,000 வளையங்களுக்கு மேல் தேவைப்படும் என்றால் கூலி எவ்வளவு ஆகியிருக்கும் என்று வகுப்பையே கணக்குப் போடச் சொல்லலாம்.

படி 5: எடை

விரிப்பை நிறுத்து, அதன் பரப்பைக் கணக்கிட்டு, ஒரு சட்டைக்கு எவ்வளவு வரும் என்று பாருங்கள். அலுமினியத்தைப் போல இரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், அதனால் விடையை மூன்றால் பெருக்க வேண்டும். அசல் சட்டைகள் 10 கிலோவை ஒட்டி இருந்தன.

இங்கே பயே தையல் ஓவியத்தின் படத்தைக் காட்டுங்கள். 1066இல் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும், 11ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு அது. கப்பலில் ஏற்றுவதற்காகச் சங்கிலிச் சட்டையைக் கழியில் மாட்டி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கிப் போகிறார்கள். கணக்குப் போட்ட பிறகு பார்த்தால்தான் அந்தக் காட்சி பிள்ளைகளுக்குப் புரியும்.

நேரம் மிச்சமிருந்தால் இடுப்புப் பட்டை உள்ள பயணப் பை ஒன்றில் புத்தகங்களை அடுக்கி, பட்டையைப் போட்டும் போடாமலும் நடக்கச் சொல்லுங்கள். சங்கிலிச் சட்டையின் பாரம் பெரும்பாலும் தோளிலேயே தொங்கும். இடுப்பில் வாரை இறுக்கினால் கொஞ்சம் குறையும். 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் 20 கிலோவுக்கு மேல் போனாலும் கை, கால், மார்பு என்று பாரம் பிரிந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு ஓடவும் குதிரை ஏறவும் முடிந்தது.