ஆர்.என்.ஏ. மாற்றமும் கிருமியின் வீரியமும்: மாணவர்கள் வழுக்கும் இடங்கள்

தருமபுரியில் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கும் பிள்ளைகளின் செமினார்களில் வருடாவருடம் ஒரே குழப்பம். ஆர்.என்.ஏ.வில் மாற்றம் என்றதும் மியூட்டேஷன் (டி.என்.ஏ.வின் எழுத்தே மாறுவது) என்று எழுதிவிடுகிறார்கள். இது அதுவல்ல. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கீறிக் கொடுக்கும் கிளிமூக்கு மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவுகிறார்களே, அந்த மாதிரி. மரம் மாறவில்லை, மாங்காயும் மாறவில்லை. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுத்த பிறகு ஒரு நொதி வந்து, ஓர் எழுத்தின் மேல் மெத்தில் போன்ற சின்ன வேதித் தொகுதியை ஒட்டிவிட்டுப் போகிறது.

மனித செல்லைப் பற்றிப் படித்துவிட்டு, பாக்டீரியாவிலும் புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.விலேயே இந்தக் குறிகளைத் தேடுவது இன்னொரு குழப்பம். பாக்டீரியாவில் நாம் நன்றாக அறிந்தவை, அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் கடத்து ஆர்.என்.ஏ.விலும், புரதம் கட்டும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.விலும் நடப்பவைதான். மியாஏ என்ற நொதி, கடத்து ஆர்.என்.ஏ.வில், தூது ஆர்.என்.ஏ.வோடு பொருந்தும் எதிர்க்கோடானை அடுத்துள்ள 37ஆம் எழுத்தில் வேலை செய்கிறது. மியாஏவை நீக்கினால் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில், நெருக்கடியைச் சமாளிக்க உதவும் ஆர்.பி.ஓ.எஸ். புரதம் குறைகிறது. சீதபேதி தரும் ஷிகெல்லாவில் வைர்எப் குறைகிறது. நோய் உண்டாக்கும் மற்ற மரபணுக்களை முடுக்கிவிடுவதே இந்த வைர்எப்தான். பாதிப்பு புரதம் உருவாகும் கட்டத்தில் என்பதால், தூது ஆர்.என்.ஏ. அளவை மட்டும் அளந்து "வித்தியாசம் இல்லை" என்று முடித்துவிடக் கூடாது.

சரி, மியாஏவை நீக்கினோம், வீரியம் (நோய் உண்டாக்கும் திறன்) குறைந்தது, வேலை முடிந்ததா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஈ.கோலையில் மியாஏ மரபணுவுக்கு அடுத்தே எச்.எப்.க்யூ. என்ற மரபணு இருக்கிறது. அதுவும் நெருக்கடியிலும் வீரியத்திலும் பெரிய ஆள். வெட்டும்போது பக்கத்து வீட்டுக் கூரையும் சரிந்திருக்கலாம். நீக்கிய மரபணுவைத் திரும்பக் கொடுத்து, பழைய நிலை வருகிறதா என்று பார்க்காமல் பழியை மியாஏ மீது போடக் கூடாது. நீக்கிய கிருமி சாதாரண ஊடகத்திலேயே மெதுவாக வளர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மெதுவாக வளர்வது, எலியில் வீரியம் குறைந்ததாகவும் தோன்றும்.

"ஒட்டினால் பலம், எடுத்தால் பலவீனம்" என்பதும் தப்புக் கணக்கு. எர்ம் நொதி 23எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் மெத்திலை ஒட்டினால் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. காசநோய்க் கிருமியில் இது தலைகீழ்: ஜிட்பி நொதி செயலிழந்து மெத்தில் விடுபட்டால் ஸ்ட்ரெப்டோமைசினுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு வருகிறது, டிஎல்ஒய்ஏ செயலிழந்தால் காப்ரியோமைசினுக்கு. எந்த எழுத்து, எந்த மருந்து என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

அப்புறம், எழுத்து வரிசையைப் படிக்கும் வழக்கமான ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்கை நம்பி "மாற்றம் எதுவும் தெரியவில்லை" என்பார்கள். தெரியாதுதான். சி.டி.என்.ஏ. என்ற டி.என்.ஏ. நகலாகப் படியெடுக்கும்போதே பல குறிகள் தடம் இல்லாமல் போய்விடும். மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இல்லாவிட்டால், ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படிக்கும் நானோபோர் முறையாவது வேண்டும்.