கடை வாசலில் வண்டி நிறுத்த நேர வரம்பு: நாகர்கோவில், மார்த்தாண்டம் வியாபாரிகளுக்கு

காலை ஒன்பதரைக்கு நிறுத்திய பைக் ராத்திரி எட்டு வரை அசையாமல் நின்றால், கடை வாசலில் அந்த இடம் நாள் முழுக்க ஒரே ஆளுக்குத்தான். ஒரு மணி நேர வரம்பு வைத்தால் அங்கேயே ஆறேழு பேர் வந்து போவார்கள். அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் 1935-ல் முதல் பார்க்கிங் மீட்டர் வைத்ததும் இந்தத் தொல்லைக்குத்தான்.

முதல் வேலை கணக்கெடுப்பு. சாதாரண வாரநாள் ஒன்று, சனிக்கிழமை ஒன்று போதும். 200 மீட்டருக்கு ஓர் ஆள் என்று வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை நடந்து, ஒவ்வொரு இடத்திலும் நிற்கும் வண்டி எண்ணைக் கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். கடைசி நான்கு இலக்கத்தோடு டிஎன் 74 (நாகர்கோவில்), 75 (மார்த்தாண்டம்), கேஎல் (கேரளா) எது என்பதையும் குறித்தால், வெளியூர் வாடிக்கையாளர் எவ்வளவு பேர் என்பதும் கிடைக்கும். கார் இடத்துக்கு 6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். பைக்குக்கு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம்.

நாள் முழுக்க நிற்கும் வண்டிகளில் பல, கடைக்காரர்களுடையதும் ஊழியர்களுடையதுமாகவே இருக்கும். மீதி, திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிப் போனவர்களுடையதாக இருக்கலாம். முதல் வகைக்குச் சங்கம்தான் வழி செய்ய வேண்டும்: ஐந்து நிமிட நடையில் ஒரு மண்டப வளாகத்தையோ காலி மனையையோ மாத வாடகைக்குப் பிடியுங்கள். இதைச் செய்யாமல் வரம்பு வைத்தால் அந்த வண்டிகள் பக்கத்துக் குடியிருப்புத் தெருவில் போய் நிற்கும். ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து எதிர்ப்பு மனு வரும்.

வரம்பு எல்லாத் தெருவுக்கும் ஒன்றாக இருக்கக்கூடாது. மருந்துக்கடை, பேக்கரி வரிசைக்கு அரை மணி. மற்ற கடைகளுக்கு ஒரு மணி. ஜவுளிக்கு இரண்டு மணி. கல்யாண ஜவுளிக்கும் நகைக்கும் வருகிற குடும்பம் இரண்டு மணியில் எழுந்திருக்காது. அவர்களுக்குக் கட்டண நிறுத்தம்தான் சரி. லோடு இறக்குவதைக் காலை பத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டையும் மாற்றுத்திறனாளி இடத்தையும் தொடவே கூடாது.

சட்டம் இடம் தருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 117-ன்படி மாநில அரசோ அது அதிகாரம் அளித்தவரோ உள்ளாட்சியைக் கலந்து, எங்கே எவ்வளவு நேரம் வண்டி நிற்கலாம் என்று தீர்மானிக்கலாம். எனவே கணக்குத் தாளையும் தெரு வரைபடத்தையும் இணைத்து மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையர், மாவட்ட ஆட்சியர், போக்குவரத்துக் காவல் மூவருக்கும் மனு கொடுங்கள். நெடுஞ்சாலைத் துறைச் சாலையென்றால் அவர்களுக்கும் ஒன்று. அறிவிப்பு வராமல் சங்கமே போர்டு வைத்தால் அதற்குச் சட்ட மதிப்பு இல்லை; அபராதமும் போட முடியாது.

போர்டில் மூன்று விஷயம் மட்டும்: "1 மணி நேரம். காலை 10 – இரவு 8. 2 மணி நேரத்துக்குள் இங்கே திரும்ப நிறுத்தக்கூடாது." கடைசி வரி இல்லாவிட்டால் வண்டியைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு மறுபடி ஒரு மணி நேரம் கேட்பார்கள்.

கண்காணிப்பில்தான் பெரும்பாலும் சறுக்கும். டயரில் சாக்பீஸ் கோடு நம் ஊருக்கு ஆகாது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், ஒரு தூறலில் அழிந்துவிடும். அதற்குப் பதில் முன், பின் சக்கரங்களில் காற்றடிக்கும் வால்வு கடிகாரத்தின் எந்த மணி நிலையில் இருக்கிறது என்று குறியுங்கள்: "முன் 4, பின் 9". நேரம் தெரிகிற போட்டோவும் எடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அதே 4, 9 என்றால் வண்டி நகரவில்லை என்று நம்பலாம். போய்த் திரும்பிய வண்டியில் இரண்டு வால்வும் அதே நிலைக்கு வருவது அபூர்வம்.

ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் நெரிசலில் தொடங்காதீர்கள். தை பிறந்த பிறகு நல்லது. முதல் இரண்டு வாரம் எச்சரிக்கைச் சீட்டு மட்டும். மூன்று மாதம் கழித்து அதே தாளோடு மறுபடி எண்ணுங்கள். நெரிசல் நேரத்தில் நூற்றுக்கு 85 இடம் நிரம்பி, ஏழெட்டு இடத்துக்கு ஒன்று காலியாகக் கிடைத்தால் வரம்பு சரி. பாதி காலியென்றால் நேரத்தைக் கூட்டுங்கள்; இடமே இல்லையென்றால் குறைப்பதற்கு முன் கண்காணிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பாருங்கள்.