கத்தியும் முள்கரண்டியும் தரும் சைகை
ஐரோப்பிய முறையில் பரிமாறும் உயர்தர உணவகங்களில், பயிற்சி பெற்ற பரிமாறுநர் "சாப்பிட்டு முடித்துவிட்டீர்களா?" என்று பெரும்பாலும் கேட்பதில்லை, உங்கள் தட்டைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டின் மேல் கூரை போலச் சாய்த்து விலக்கி வைத்தால், இன்னும் உண்கிறீர்கள் என்று பொருள். இரண்டையும் ஒட்டினாற்போல், கைப்பிடிகள் கடிகாரத்தின் 4 மணிப் பக்கம் இருக்குமாறு வைத்தால், தட்டை எடுத்துச் செல்லலாம். ஆனாலும், மெதுவாக உண்பவர் சங்கடப்படக் கூடாது என்பதற்காக, மேசையில் உள்ள கடைசி விருந்தினர் முடிக்கும் வரை பரிமாறுநர் காத்திருப்பார்.

முன்பு பிரான்சில் பல உணவுகளையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரும் ரஷ்ய முறையை, 1808 முதல் 1812 வரை பாரிசில் ரஷ்யத் தூதராக இருந்த இளவரசர் குராகின் அங்கு அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். கரண்டிகளின் வரிசைக்கும் இந்த முறையே அடிப்படை என்பதால், ஒவ்வோர் உணவுக்கும் வெளிப்புறத்தில் உள்ளதை முதலில் எடுத்து, உள்நோக்கி நகர்ந்தால் போதும். ரொட்டித் தட்டு இடப்பக்கம், கண்ணாடிக் குவளைகள் வலப்பக்கம். பக்கத்து இருக்கைக்காரரின் ரொட்டியைப் பிய்த்துவிடும் தவறு இங்கேதான் நேர்கிறது.

இடையில் எழுந்து செல்ல நேர்ந்தால் மடித்துணியை நாற்காலியில் வைக்கலாம். கரண்டி கீழே விழுந்தால் குனிந்து எடுக்க வேண்டாம். துணி மடித்து விரித்த சிறு தட்டில் புதியதொன்று வரும்.