தன்னாட்சிக் கல்லூரியில் ஒரு தாளுக்கு சிலபஸ் எழுதும் முறை

சிலபஸ் எழுதுகிறவரேதான் பெரும்பாலும் அந்தத் தாளை நடத்தவும் போகிறார். அதனால் தனக்குப் புரிந்தால் போதும் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் தன்னாட்சிக் கல்லூரியில் செமஸ்டர் வினாத்தாள் எடுப்பவர் அநேகமாக வேறு கல்லூரி ஆசிரியர். உங்கள் வகுப்பை அவர் பார்த்ததில்லை. அவர் கையில் இருப்பது நீங்கள் எழுதிய இரண்டு பக்கம்தான். அவரை மனதில் வைத்து எழுதுங்கள். (தன்னாட்சி இல்லாத இணைவுக் கல்லூரி என்றால் சிலபஸ் பல்கலைக்கழகத்துடையது; அதைப் பாடவேளைகளாகப் பிரித்து நடத்துவது மட்டுமே ஆசிரியர் வேலை.)

முதலில் அந்த ஆண்டு சேரும் மாணவர்களுக்கான விதிமுறைப் புத்தகத்தை எடுங்கள். கிரெடிட் (தாளின் எடையைக் காட்டும் எண்), வாரப் பாடவேளை, இன்டர்னல்–எக்ஸ்டர்னல் மதிப்பெண் விகிதம், வினாத்தாள் அமைப்பு ஆகிய நான்கும் அதில் இருக்கும். இவற்றில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் பொதுவாக 140 கிரெடிட். அது பகுதி 1 முதல் 5 வரை (தமிழ் அல்லது பிற மொழி, ஆங்கிலம், முதன்மைப் பாடங்கள், திறன் பாடங்கள், விரிவாக்கப் பணி என்று) ஏற்கெனவே பங்கிடப்பட்டது. உங்கள் தாளுக்கு ஒரு கிரெடிட் கூட்டினால் வேறொரு தாளில் ஒன்று குறைய வேண்டும்.

அடுத்து மணிக்கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் தியரிக்கு ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டருக்கு 15 மணி நேரம், செய்முறைக்கு 30. ஆகவே 4 கிரெடிட் தாளுக்கு 60 மணி. ஆனால் நம் டைம்டேபிளில் அதே தாளுக்கு வாரம் 5 பாடவேளை தரும் கல்லூரிகள் நிறைய உண்டு. 15 வாரத்துக்கு அது 75. இந்த 75-ஐயும் பாடப்பொருளால் நிரப்புவதுதான் பரவலான தவறு. இன்டர்னல் தேர்வு, மாடல் தேர்வு, விளையாட்டு விழா, மழை விடுமுறை எல்லாம் போக, தாளின் ஐந்து அலகுகளில் (பாடப் பிரிவுகளில்) கடைசியான ஐந்தாம் அலகு இரண்டே நாளில் ஓடிப்போகும். அலகுக்கு 12 மணி வீதம் 60 மணிக்குப் பாடம் எழுதுங்கள். மீதி 15 மணியைப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் விட்டுவிடுங்கள்.

அலகுகளை எழுதும்போது எல்லையை எழுத வேண்டும். பி.எஸ்சி. கணினி அறிவியலில் டேட்டாபேஸ் தாளை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் அலகில் வெறுமனே 'நார்மலைசேஷன்' (ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் படிப்படியாகப் பிரிப்பது) என்று இருந்தால், நான்காம், ஐந்தாம் நார்மல் ஃபார்ம்களிலிருந்தும் கேள்வி வரலாம். வந்தால் 'அவுட் ஆஃப் சிலபஸ்' என்று மாணவர் புகார் எழுதுவார். அது எடுபடாது, ஏனென்றால் சிலபஸில் தடை ஏதும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்: 'ஃபங்ஷனல் டிபென்டன்சி, முதல், இரண்டாம், மூன்றாம் நார்மல் ஃபார்ம்கள், பி.சி.என்.எஃப்.; கொடுத்த அட்டவணையைப் பிரித்தல். தேற்ற நிரூபணங்கள் இல்லை.' இரண்டே வரி கூடுகிறது. 'முதலியன', 'ஓர் அறிமுகம்', 'அண்மைப் போக்குகள்' போன்றவற்றுக்கு எல்லை கிடையாது, அவற்றை அடித்துவிடலாம்.

எழுதி முடித்த ஒவ்வொரு அலகையும் வினாத்தாளில் வைத்துப் பாருங்கள். 75 மதிப்பெண்ணுக்கு 10×2, 5×5, 3×10 என்ற அமைப்பு பல கல்லூரிகளில் இருக்கிறது. இதில் ஓர் அலகிலிருந்து இரண்டு 2 மதிப்பெண் கேள்வி, 'அ அல்லது ஆ' என்று ஒரு ஜோடி 5 மதிப்பெண் கேள்வி, ஒரு 10 மதிப்பெண் கேள்வி வர வேண்டும். மூன்று ஆண்டு வினாத்தாளுக்கு ஆகும் கேள்விகளை நீங்களே எழுதிப் பார்க்கலாம். மூன்றாவது வினாத்தாளிலேயே பழைய கேள்வி திரும்ப வந்தால் அலகு மெலிந்திருக்கிறது. இன்னொன்று: கடைசிப் பகுதியில் ஐந்தில் மூன்று எழுதினால் போதும் என்பதால், இரண்டு அலகுகளைப் பெரிய கேள்விக்குப் படிக்காமலே மாணவர் தப்பிவிடுவார். அடுத்த செமஸ்டர் தாளுக்கு அடிப்படையான பகுதியை ஒரே அலகில் அடைக்காமல் இரண்டாகப் பிரியுங்கள்.

கற்றல் விளைவுகளை, அதாவது சி.ஓ.க்களை, இதற்குப் பிறகுதான் எழுத வேண்டும். பெரும்பாலும் அலகுக்கு ஒன்றாக ஐந்து. 'அறிந்துகொள்வர்', 'புரிந்துகொள்வர்' என்பதைத் தேர்வில் அளக்க வழியில்லை. 'கொடுத்த அட்டவணையை மூன்றாம் நார்மல் ஃபார்ம் வரை பிரிப்பர்' என்பதை அளக்கலாம். நினைவுகூர்தல் (கே1) முதல் உருவாக்கல் (கே6) வரையான ஆறு அறிவு நிலைகளில் அது கே3, அதாவது பயன்படுத்தல். ஐந்துக்கும் கே5, கே6 போட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வினாத்தாளில் பாதி 'வரையறு' என்றே கேட்டிருந்தால் அந்த அழகு கல்லூரியை மதிப்பிட வரும் ஆய்வுக்குழு முன் நிற்காது. ஒவ்வொரு சி.ஓ.வும் பட்டப்படிப்பின் விளைவுகளுக்கு (பி.ஓ.க்களுக்கு) எவ்வளவு உதவுகிறது என்று 3 வரை எண் போடும் சி.ஓ.–பி.ஓ. மேப்பிங்கில் எல்லாக் கட்டத்திலும் 3 போடுவதும் இதே கதைதான்: எந்தப் பாடம் எதற்கு உதவுகிறது என்று யோசிக்கவில்லை என்பதையே அது காட்டும். பொருந்தாத கட்டத்தைக் காலியாக விடுவதில் தவறில்லை.

பாடநூல் இரண்டு போதும். பதிப்பு, ஆண்டு, எந்த அலகுக்கு எந்த இயல் என்பது வரை குறிப்பிடுங்கள். நூலகத்தில் பிரதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி ஒப்புதல். பாடத்திட்டக் குழுவில் துறைத்தலைவரும் துறை ஆசிரியர்களும் இருப்பார்கள். துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு (கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு) வெளியிலிருந்து இரண்டு வல்லுநர்கள், தொழில்துறைப் பிரதிநிதி, முன்னாள் மாணவர் ஆகியோரும் உண்டு. வரைவைக் கூட்டத்தன்று மேசையில் வைத்தால் எழுத்துப்பிழை திருத்துவதோடு முடிந்துவிடும். இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். பழையது ஒரு பத்தி, புதியது ஒரு பத்தி, மாற்றத்தின் சதவீதம், காரணம் என்று ஓர் அட்டவணை இணைத்தால் பேச்சு சரியான இடத்துக்கு வரும். வல்லுநர் சொன்னதையும் அதற்குச் செய்த திருத்தத்தையும் மினிட்ஸில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு அகாடமிக் கவுன்சில், அதாவது கல்லூரியின் பாட விஷயங்களுக்கு இறுதி ஒப்புதல் தரும் குழு. அங்கே ஒப்புதல் ஆன தேதி செமஸ்டர் தொடங்கும் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். அதன்பின் 'சின்ன மாற்றம்தானே' என்று யாரும் கோப்பில் கைவைக்கக் கூடாது. துறையில் ஒரு பிரதி, வெப்சைட்டில் ஒன்று, தேர்வுப் பிரிவில் வேறொன்று என்று ஆகிவிடுவது இப்படித்தான்.

பாடப்பொருள் மாறினால் தாள் குறியீட்டையும் மாற்றுங்கள். பழைய குறியீட்டில் அரியர் வைத்திருப்பவர் பழைய சிலபஸில்தான் எழுதுவார். ஒரே குறியீடு இருந்தால் தேர்வு அறையில் தவறான வினாத்தாள் போய்விடும். பழைய தாளுக்கு இணையான புதிய தாள் எது என்ற பட்டியலையும் அதே கவுன்சில் கூட்டத்தில் வைத்துவிட வேண்டும். இடைநின்று மறுபடி சேரும் மாணவருக்கு அது முதல் நாளே தேவைப்படும்.