யாழ்ப்பாணத்திலிருந்தே முறைமைப் பொறியியல் முதுமாணி

முறைமைப் பொறியியல் (Systems Engineering) முதுமாணிப் பட்டத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் இணையவழியில் படிக்கலாம். ஆனால், இது கணினிகளைப் பராமரிக்கும் படிப்பு என்று எண்ணிச் சேர வேண்டாம். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பைச் சந்தித்து, பின்னர் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்ததை நினைத்துப் பாருங்கள்: குழாய்களை வரைவதற்கு முன்பே யாருக்கு என்ன தேவை என்பதை எழுத்தில் வடித்து, ஒவ்வொரு தேவையும் நிறைவேறியதா என்று கடைசிவரை சரிபார்ப்பதே முறைமைப் பொறியியல்.

விண்ணப்பிக்கும் முன், நீங்கள் தெரிவுசெய்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இலங்கையில் அங்கீகரிக்கப்படுமா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். அரச வேலைக்குப் போகும்போது வாய்ப்பேச்சு உதவாது. இளமாணிப் பெறுபேற்றுப் பட்டியலுக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் சில மாதங்களுக்கு முன்பே அலையத் தொடங்குவது நல்லது.

அமெரிக்கப் பாடநெறிகள் பெரும்பாலும் பத்துப் பாடங்கள், 30 அலகுகள் (credits) கொண்டவை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் இதனை இணையவழியில் நடத்துகிறது. வேலையோடு படிப்பவர் பருவத்துக்கு ஒரு பாடமாக எடுத்தால், ஆண்டுக்கு மூன்று பருவங்களென வைத்தாலும், மூன்று ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். ஆயினும் கட்டணத்தைப் பாடத்துக்குப் பாடம் செலுத்த முடிவதால், டொலரின் விலை ஏறும் காலத்தில் ஒரு பருவம் ஓய்வெடுக்கலாம். அதற்கு அனுமதியுண்டா என்பதை முன்கூட்டியே அறிந்துவையுங்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது நேரத்தைத்தான். நியூயோர்க்கில் மாலை 6 மணிக்குத் தொடங்கும் நேரடி வகுப்பு இங்கே கோடையில் அதிகாலை 3.30க்கும், அவர்கள் நவம்பரில் கடிகாரத்தைப் பின்தள்ளிய பின்னர் 4.30க்கும் வரும். விடியப்புறம் எழும்ப முடியாதவர்கள், பதிவுசெய்த விரிவுரைகளை ஏற்கும் பாடநெறியையே தெரிவுசெய்ய வேண்டும்.