தயிர் நல்லதுதான், பாணியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ

மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வாற முட்டித்தயிர் எங்கட வீட்டில கிழமைக்கு ரெண்டு முட்டியாவது முடியும், அதில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா போன மாசம் சின்னம்மா தயிருக்கு மேல கித்துள் பாணிய ஊத்திக்கொண்டே "இது நல்ல பக்டீரியா தம்பி, உடம்பு மெலியும்" எண்டா. கனபேர் விடுற முதல் பிழை இதுதான், கிருமியச் சேத்தாக் காணும், மிச்சத்த அது பாத்துக்கொள்ளும் எண்டு நினைக்கிறது.

இந்த நம்பிக்கை எலியில இருந்து வந்தது. 2013ல அமெரிக்க விஞ்ஞானி ஜெப்ரி கோர்டனின்ட குழு, ஒராள் குண்டு ஒராள் மெலிவு எண்டு இருக்கிற இரட்டையர்களிட குடல் கிருமிய, கிருமியே இல்லாம வளத்த எலிகளுக்கு விட்டுப் பாத்தவை. குண்டானவரிட கிருமி போன எலிக்குத்தான் கொழுப்புக் கூட ஏறினது. இதோட கதைய நிப்பாட்டிடுவினம். பிறகு ரெண்டு வகை எலியையும் ஒரே கூட்டில விட, எலி ஒண்டின்ட பீய ஒண்டு தின்னும்தானே, அப்பிடி மெலிஞ்சதிட கிருமி மற்றதுக்குள்ள போய் கொழுப்பத் தடுத்தது, ஆனா நார் கூடின, கொழுப்புக் குறைஞ்ச சாப்பாடு குடுத்தா மட்டும். கொழுப்புக் கூடி நார் குறைஞ்ச சாப்பாடெண்டா வந்த கிருமி தங்கவே இல்ல. மனிசரிலயும் 2012ல நெதர்லாந்தில செய்து பாத்தவை, மெலிஞ்ச ஆக்களிட கிருமிய வாங்கினவைக்கு இன்சுலின் கொஞ்சம் நல்லா வேலை செய்தது, நிறை குறையேல்ல.

அன்டிபயோடிக் முடிஞ்ச கையோட பாமசில ப்ரோபயோடிக், அதுதான் நல்ல கிருமி அடைச்ச குளிசை, வாங்குறதும் வழக்கமாப் போச்சு. இஸ்ரேலில வைஸ்மன் ஆராய்ச்சி நிறுவனம் 2018ல பாத்தப்ப, அந்தக் குளிசை போட்டவைக்குத்தான் சொந்தக் கிருமி திரும்பி வரப் பிந்தினது, ஒண்டும் போடாம விட்டவைக்கு கெதியா வந்திட்டுது. அதுக்காக டொக்டர் எழுதின அன்டிபயோடிக்க பாதியில நிப்பாட்டாதீங்கோ. சலரோகத்துக்குப் போடுற மெட்போமினையும்தான், அது குடல் கிருமியையும் மாத்துது எண்டு இப்ப தெரியும், "இயற்கையா" பாக்கிறன் எண்டு அத விடுறது சரியான மோட்டு வேலை.

கிருமிக்குத் தீனி நார்தான். அத அது புளிக்க வைச்சு பியூட்டிரேட் மாதிரி அமிலமாக்கும், பெருங்குடல் சுவரிட கலங்களுக்கு அதுதான் எரிபொருள். காலமை வெள்ளைப் பாணும் சீனித் தேத்தண்ணியும் எண்டா பெருங்குடல் வரைக்கும் என்ன போகும்? குரக்கன் புட்டு, சிவப்பரிசி, முருங்கையிலை, பயறு, இதுகள் வேணும். ஆனா மெதுவாக் கூட்டுங்கோ, நான் முதல் நாளே ஒரு கோப்பை பயறு திண்டிட்டு உப்புவெளிக்கு பஸ் ஏறினன், பக்கத்து சீட்காரர் பாவம்.